உப்புக்காத்துல ஒரு ஸ்க்ரோல் சா: கழட்டுனது, மாத்துனது, மத்த மெஷினோட வச்சுப் பாத்தது

மெஷின் ஓடுது, ஆனா டக் டக்னு அடிக்குது. வேகத்தைக் கூட்டுனா கட்டை பிளேடோட சேந்து துள்ளுது, வளைவுல திருப்பும்போது பிளேடு கனத்தை விட ரெண்டு மடங்கு அகலமா வெட்டிட்டுப் போகுது. பதினாறு இன்ச் ஸ்க்ரோல் சா, அதான் மெல்லிசு பிளேடு ஏறி இறங்கி மரத்துல வளைவு வெட்டுற ரம்பம், வச்சிருக்கவங்க எல்லாருமே ஒரு நாள் இங்க வந்து நிப்பாங்க, நம்ம கடற்கரைப் பக்கம்னா கொஞ்சம் வெரசாவே வந்துருவாங்க. என்னோடது ஆன்லைன்ல பல பேருல பல கலர்ல விக்கிற அதே டிசைன் மெஷின்தான், மேல ஒரு கை கீழ ஒரு கை, பின்னாடி ரெண்டையும் இழுத்துப் பிடிக்கிற டென்ஷன் ராடு, 120 வாட்ஸ் டிசி மோட்டார், நிமிஷத்துக்கு 400ல இருந்து 1600 தடவை ஏறி இறங்கும்னு லேபிள்ல போட்டிருக்கும். வீடு ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி பக்கம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னல் கம்பியத் தொட்டா கையில பிசுபிசுன்னு உப்பு ஒட்டும், அந்த உப்பு மெஷினுக்குள்ளயும் போகுது, மரத்தூளோட சேந்து ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்குது.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குப்பா"ன்னு சொல்ல ஆளுக்கா பஞ்சம். எனக்கு இதுல வேற கணக்கு. இங்க எது நல்ல மெஷின்னா, கெட்டுப்போனா ராம்நாட்டுக்குள்ளயே ஒரு லேத் பட்டறை, ஒரு வைண்டிங் கடை, ஒரு பேரிங் கடைன்னு இந்த மூணு இடத்துல வேலை முடிஞ்சிரணும், அதுதான் நல்ல மெஷின். மிச்சம் விளம்பரத்துல சொல்ற எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதனால முதல்ல இதைக் கழட்டிப் பாத்துருவோம்னு உக்காந்தேன்.

சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க மெஷினை ஓட விட்டு காதை வச்சுக் கேட்டா பிடிபடாது, எல்லா இரும்பும் சேந்து அதிரும். பிளக்கைப் புடுங்கிட்டு பிளேடைக் கழட்டிட்டு, மேல் கையோட முன் நுனியைப் பிடிச்சு பக்கவாட்டுல அசைச்சுக்கிட்டே இன்னொரு கை விரலை ஒவ்வொரு மூட்டு மேலயும் வச்சுப் பாக்கணும், பாதி விரல் அசையுற துண்டு மேலயும் பாதி அசையாத துண்டு மேலயும் இருக்கணும். ஆட்டம் இருக்க இடத்துல விரலுக்குள்ள சின்னதா ஒரு க்ளிக் தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூட விரலுக்குத் தெரிஞ்சிரும். அப்படிப் பாத்ததுல மேல் கை அச்சு ஆடுது, கீழ் கை அச்சு லேசா ஆடுது. அப்புறம் மோட்டார் தண்டை கையால பையச் சுத்திப் பாத்தா இன்னொரு இடத்துலயும் தட்டுது, அது எக்சென்ட்ரிக்னு சொல்ற அந்தக் குண்டு, மோட்டார் சுத்துறதை மேல கீழ ஆட்டமா மாத்திக் குடுக்குறது. அதைப் பிடிச்சிருக்க கிரப் ஸ்க்ரூ, அதான் தலை இல்லாத ஸ்க்ரூ, லூசு. இந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி பாதிச் சத்தம் போனவங்க நிறைய பேரு இருப்பாங்க, ஆனா சும்மா இறுக்குனா அதிர்வுல திரும்பவும் கழண்டுரும், தண்டுல தட்டையா சீவியிருக்க இடத்துல ஸ்க்ரூ நேரா உக்காருதான்னு பாத்து, மரையைப் பிடிச்சு நிறுத்துற பசை, நீலக் கலர் லாக்டைட் ஒரு சொட்டு விட்டு இறுக்கி ஒரு ராத்திரி காய விடணும். சிவப்பு கலர் போட்டுறாதீங்க, அப்புறம் சூடு காட்டித்தான் கழட்ட முடியும்.

இப்ப புஷ், அதான் அச்சுத் தண்டு உள்ள உக்காந்து ஆடுற உலோகக் குழாய். இதுதான் பெரிய வேலை, மெஷினோட உசுரும் இதுதான். கம்பெனில போட்டு வர்றது சின்டர்டு புஷ், வெண்கலப் பொடியை அழுத்தி சுட்டுச் செய்றது, அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள்ல எண்ணெய் ஊறி இருக்கும், சூடாகும்போது தானே கசிஞ்சு தண்டுக்கு எண்ணெய் குடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா மரத்தூள் வந்து அந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்துரும், அப்புறம் உப்புக்காத்துல தண்டு துருப்பிடிச்சு அந்தத் துருவே அரம் மாதிரி புஷ்ஷைத் தேய்க்கும். என்னோட புஷ்ஷைத் தட்டி எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், ஓட்டை வட்டமா இல்ல, முட்டை வடிவத்துல இருக்கு, ஒரு பக்கம் பளபளன்னு கண்ணாடி கணக்கா, எதிர்ப்பக்கம் இன்னும் மேட் கலர்ல புதுசு மாதிரியே. அச்சுத் தண்டுல விரல் நகத்தை ஓட்டுனா நடுவுல நகம் தட்டி நிக்குது, ரெண்டு ஓரத்துல பழைய கனம், நடுவுல தேஞ்ச பள்ளம். புஷ்ஷை மட்டும் மாத்திட்டு இந்தத் தண்டை அப்படியே போட்டா வேலை முடிஞ்ச மாதிரி தெரியும், கொஞ்ச நாள்ல திரும்ப ஆடும்.

இங்கதான் நம்ம ஊருக்குன்னு ஒரு வசதி இருக்கு, மதுரைல கூட இது இவ்வளவு லேசா அமையாது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்னு கடலோரம் பூரா விசைப்படகு இருக்கு, படகு இருந்தா இன்ஜின் இருக்கு, இன்ஜின் இருந்தா புரொப்பெல்லர் தண்டுக்கு புஷ் போடுற லேத் பட்டறை இருக்கு. அவங்க தினம் கடைஞ்சு தர்றது கன்மெட்டல்னு சொல்ற வெண்கலக் கலவை புஷ்தான், கடல் தண்ணிக்குள்ளயே கிடக்குற சாமான், உப்புக்கு அசராது. பட்டறைல மூலைல கிடக்குற துண்டுக் கன்மெட்டல்லயே நம்ம ஸ்க்ரோல் சாவுக்கு வேணுங்கிற சுண்டுவிரல் சைஸ் புஷ் நாலைஞ்சு வந்துரும். ஆனா போற நேரம் பாத்துப் போகணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையேறி நிக்கும், வருஷத்து ரிப்பேர் பூரா அந்த ரெண்டு மாசத்துலதான் பாப்பாங்க. அப்பப் போயி "அண்ணே இந்தச் சின்ன புஷ்ஷு"ன்னு நீட்டுனா ஏற இறங்கப் பாத்துட்டு "மழைக்கு அப்புறம் வாங்க தம்பி"ம்பாங்க. நியாயம்தான், அவங்களுக்கு அதுதான் சீசன்.

நான் போனது தடை முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போன பிறகு. லேத்துக்காரர் புஷ்ஷைக் கையில உருட்டிப் பாத்துட்டு "எதுக்குண்ணே இது, தையல் மெஷினா"ன்னாரு. ரம்பம்னதும் சிரிச்சாரு. அவர் சொல்லித்தான் ஒரு விஷயம் உறைச்சுது: வெளி அளவு ஓட்டையை விட ஒரு மயிரிழை தடிப்பா வச்சு அழுத்தி ஏத்துனா உள்ள ஓட்டை கொஞ்சம் சுருங்கும், அதனால முதல்லயே 8 மிமீ சரியா கடைஞ்சு வச்சா ஏத்துன பிறகு தண்டு போகாது. உள்ள கொஞ்சம் கம்மியா விட்டு, ஏத்துன பிறகு ஓட்டையை அளவுக்கு வழிச்சு எடுக்கிற 8 மிமீ ரீமரை கையால ஓட்டி எடுக்கணும். ஏத்துறதுக்கு சுத்தியல் வேணாம், ஒரு நீளமான போல்ட்டு ரெண்டு வாஷர் ஒரு நட்டு போட்டு ஸ்பேனரால இறுக்கிக்கிட்டே போனா நேரா ஏறும், சாயாது. இன்னொண்ணு, கடைஞ்ச கன்மெட்டல் சின்டர்டு புஷ் மாதிரி தானா எண்ணெய் கசியாது, அதனால மேல ஒரு 2 மிமீ ஓட்டை போட்டு உள்ள ஒரு கீறல் மாதிரி காடி இழுத்துக்கிட்டேன், வேலை ஆரம்பிக்கும்போது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடுறவங்களைப் பாத்திருக்கேன், ஆரம்பத்துல வழவழன்னுதான் இருக்கும், அப்புறம் தூளோட சேந்து பிசின் மாதிரி ஆகி கையையே பிடிச்சு நிறுத்தும்.

தண்டுக்கு லேத்துக்காரர் ஸ்டெயின்லெஸ் ராடு தர்றேன்னாரு. துருவே பிடிக்காதுதான், ஆனா சாதா ஸ்டெயின்லெஸ் மெத்துன்னு இருக்கும், இந்த மாதிரி கொஞ்சமா முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்க இடத்துல சீக்கிரம் தேயும்னு எனக்கு ஒரு எண்ணம். பழைய பிரிண்டர் ஒண்ணு பரண்ல கிடந்துச்சு, அதுல இங்க் ஹெட்டு ஓடுற ராடு கடினமாக்கி பாலிஷ் போட்ட எஃகு, வெர்னியர் வச்சு அளந்தா 8 மிமீ. அதுலயே வெட்டிப் போட்டுட்டேன். ஹேக்சா பிளேடு அதுல வழுக்கிட்டே போகும், கிரைண்டர் வீல்தான் வேணும், வெட்டுன ஓரத்தை நல்லா உருட்டி விட்டுட்டுத்தான் புஷ்ஷுக்குள்ள விடணும், இல்லைன்னா புது புஷ்ஷை அதுவே சீவிரும்.

எக்சென்ட்ரிக்ல இருந்த பேரிங் 608, எந்த பேரிங் கடையிலயும் இருக்கும், நூறு ரூபாய்க்குள்ள. கேட்டா கடைக்காரர் பெரும்பாலும் டபுள் இசட் எடுத்துக் குடுப்பாரு, அது தகட்டு மூடி, நடுவுல இடைவெளி இருக்கும். நமக்கு வேணுங்கிறது 2ஆர்எஸ், ரப்பர் மூடி. தூளும் உப்பு ஈரமும் உள்ள போகாம இருக்க அந்த ரப்பர்தான் காவல். கொஞ்சம் இறுக்கமா சுத்தும், இந்த வேகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

மோட்டார் பக்கம் வருவோம். இந்த மெஷின்ல இருக்கது காந்தம் வச்ச டிசி மோட்டார், கரண்டை போர்டுல டிசி ஆக்கி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறாங்க. நடுவுல நடுவுல நின்னு போயி தட்டுனா ஓடுற நோய் இதுக்கு இருந்துச்சு. அப்படி இருந்தா போர்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கார்பனைப் பாக்கணும், அதான் மோட்டாருக்குள்ள சுத்துற காயிலுக்குக் கரண்டு கொண்டு போற கரித்துண்டு. ரெண்டு பக்கமும் இருக்க கருப்பு மூடியைக் காசு வச்சுத் திருகுனா ஸ்பிரிங்கு தள்ளிக்கிட்டு வெளில வரணும். எனக்கு ஒரு பக்கம் துள்ளி வந்துச்சு, இன்னொரு பக்கம் வரவே இல்ல, குத்தூசி வச்சு நெம்பித்தான் எடுத்தேன். பித்தளைக் கூடு உள்ள பச்சையா பூத்துப் போயிருக்கு, ஸ்பிரிங்கு துருப்பிடிச்சு பாதில முறிஞ்சு கிடக்கு, கார்பன்ல தேய்மானமே இல்ல, ஆனா முன்னாடி தள்ள ஆள் இல்லாததால கார்பன் உரசுற செம்பு உருளையை, கமுட்டேட்டரைத் தொட்டும் தொடாமலும் நின்னிருக்கு. கார்பனை மிக்ஸி ரிப்பேர் கடையில வாங்கலாம், கனமா இருந்தா தரையில எமரி பேப்பர் விரிச்சு தேச்சு அளவுக்குக் கொண்டு வந்துரலாம், கூட்டுக்குள்ள தடங்கல் இல்லாம வழுக்கிப் போகணும் ஆனா ஆடக்கூடாது. கூட்டைப் பழைய பல் பிரஷ்ஷும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் போட்டுத் தேச்சேன். கமுட்டேட்டர் கருத்திருந்தா நைஸ் எமரி 600 நம்பர் லேசா, அப்புறம் செம்புத் துண்டுகளுக்கு நடுவுல இருக்க காடில சேந்திருக்க கரித்தூளை ஊசி முனையால வழிச்சு எடுக்கணும், அது இருந்தா உள்ளுக்குள்ளயே பொறி பறக்கும்.

போர்டு நல்லா இருக்கா மோட்டார் நல்லா இருக்கான்னு பிரிச்சுப் பாக்க நம்ம எலக்ட்ரீஷியன்கள் வச்சிருக்க சீரிஸ் பல்பு ஒண்ணு போதும். போர்டைக் கழட்டிட்டு, ஏசியை டிசி ஆக்குற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒண்ணு வழியா மோட்டாருக்குக் குடுத்து, வரிசைல 100 வாட்ஸ் குண்டு பல்பு. ஆன் பண்ணதும் பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க மங்கிட்டே வந்தா மோட்டார் நல்ல மோட்டார். பல்பு முழுசா எரிஞ்சுக்கிட்டே இருந்து மோட்டார் அசையலைன்னா உள்ள ஷார்ட்டு, இல்ல எங்கயோ இறுகிக் கிடக்கு. இதுல ஒரு எச்சரிக்கை: சிலர் "டிசி சுத்தமா வரட்டும்"னு ரெக்டிஃபையருக்குப் பின்னாடி பெரிய கெப்பாசிட்டர் மாட்டுவாங்க. 230 வோல்ட்டை சும்மா ரெக்டிஃபை பண்ணா சராசரி 207 வோல்ட்டு சுத்தி வரும், கெப்பாசிட்டர் மாட்டுனா அதுவே 325க்குப் போயிரும். மோட்டார் கதறும்.

என்னோட போர்டுல கெட்டது வேகம் கூட்டுற அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் மட்டும்தான், திருப்புனா வேகம் படிப்படியா ஏறாம குதிக்கும். உடம்புல என்ன வேல்யூ எழுதியிருக்கோ அதே வேல்யூ வாங்கி சோல்டர் பண்ணா வேலை முடிஞ்சது. ஆனா பிளாஸ்டிக் தண்டு இருக்க மாடலாப் பாத்து வாங்கணும். இந்தப் போர்டுல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, லைன் கரண்ட் நேரா அதுலயே ஓடுது, குமிழ் உடைஞ்சு போயி இரும்புத் தண்டைத் தொட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. ராம்நாட்ல ரேடியோ சாமான் விக்கிற கடையில பத்து இருபது ரூவாய்க்குக் கிடைக்கிற சாமான்.

கோட்டு மேல விழுற தூளை ஊதித் தள்ள காத்தடிக்கிற ரப்பர் பை கிழிஞ்சு போனதை சைக்கிள் டியூப் வச்சு ஒட்டிப் பாத்தேன், ஓடுச்சு, ஆனா வேகம் குறைச்சா காத்தும் குறையுது. மீன் தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்ப்பை மாட்டி விட்டுட்டேன். இப்ப எந்த வேகத்துலயும் கோடு தெரியுது. மேசைத் துருவுக்கு மண்ணெண்ணெய், 220 எமரி, கடைசில மெழுகுவத்தியை சூடு பண்ணித் தடவி துணியால தேய்க்கிறது, அம்புட்டுதான். மூடி வைக்கிறதுக்கு பிளாஸ்டிக் தார்ப்பாய் வேணாம், ராத்திரி உள்ள வேர்த்து மெஷின் குளிச்சுரும். பழைய வேட்டி போதும்.

பிளேடு மாட்டுற கிளாம்ப்பு பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லியாகணும், ஏன்னா பலபேரு மெஷினை விக்கிறதே இதனாலதான். வாங்கும்போது கூட வர்றது பின் வச்ச பிளேடு, 5 இன்ச், ரெண்டு முனையிலயும் குறுக்க ஒரு குச்சி. மாட்ட சுலபம். ஆனா உள்வேலைப்பாட்டுக்கு ஓட்டை போட்டு பிளேடை நுழைக்கணும்னா அந்தக் குச்சி போறதுக்கே 5, 6 மிமீ ஓட்டை வேணும். கீழக்கரை காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தர் வீட்டு வாசல் பெயர்ப்பலகைக்கு அரபி எழுத்து வெட்டித் தரச் சொன்னாரு, எழுத்து மேலயும் கீழயும் வர்ற புள்ளி, எழுத்துக்குள்ள இருக்க சின்னக் கண்ணு, இதுல 6 மிமீ ஓட்டை போட்டா எழுத்தே போயிரும். பின் இல்லாத பிளேடு 5 நம்பர்னா 2 மிமீக்கும் கம்மியான ஓட்டைல போயிரும். அதுக்கு அடாப்டர் கிளாம்ப் வேணும், பெரும்பாலும் கூடவே குடுப்பாங்க, ஆனா அதுலதான் பிளேடு வழுக்கிட்டு "டங்"னு விடும்.

வழுக்குறதுக்குக் காரணம் ரெண்டு. புது பிளேடு துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி வருது, முனை ரெண்டையும் எமரில ஒரு இழு இழுத்துட்டு மாட்டணும். அடுத்தது கிளாம்ப் ஸ்க்ரூவோட நுனி, தேஞ்சு குழிஞ்சு போயிருக்கும், அதை அரத்துல தட்டையாக்கணும், எதிர்ப்பக்கமும் அதே மாதிரி. தட்டையும் தட்டையும் சேந்தாதான் பிடி. அதை விட்டுட்டு பிளையர் வச்சு இறுக்குனா அலுமினியத்துல இருக்க மரை போயிரும், அப்புறம் அதுக்கும் லேத்துக்குப் போகணும். டென்ஷன் சரியா இருக்கான்னு பாக்க பிளேடை விரலால சுண்டுனா தொம்முன்னு இல்லாம கிண்ணுன்னு ஒரு சுருதி வரணும். விரலால பக்கவாட்டுல தள்ளுனா 3 மிமீக்கு மேல போகக்கூடாது.

பிளேடு செங்குத்தா நிக்குதான்னு பாக்க மூலைமட்டம் வைக்கலாம், அதை விட நம்பிக்கையான வழி ஒண்ணு இருக்கு: ஒன்றரை இன்ச் கனக் கட்டைல லேசா ஒரு வெட்டு வெட்டிட்டு, மெஷினை நிறுத்தி, கட்டையை அப்படியே சுத்திக் கொண்டுபோய் பிளேடோட பின்பக்கமா அந்த வெட்டுல சொருகிப் பாக்கணும். நேராப் போனா மேசை சரி. உரசுனா சாஞ்சிருக்கு, அந்த வித்தியாசம் ரெண்டு மடங்காத் தெரியும். அப்புறம் புதுசா பழகுறவங்க ஒண்ணு கேப்பாங்க, கோட்டு மேல நேராத் தள்ளுனாலும் ஏன் வலதுபக்கம் இழுக்குதுன்னு. மெஷின் கோளாறு இல்ல. பெரும்பாலான பிளேடு செய்யும்போதே ஒரு பக்கம் பிசிறு நிக்கும், அந்தப் பக்கம் கூர் அதிகம். கட்டையைக் கொஞ்சம் சாய்ச்சுத் தள்ளப் பழகிக்கிட வேண்டியதுதான்.

அதிர்வுக்கு வைத்தியம் கடப்பாக் கல். மெஷினை முக்கால் இன்ச் பிளைவுட்ல போல்ட் பண்ணி, அதுக்குக் கீழ பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர், அதுக்குக் கீழ வீடு கட்டும்போது மிஞ்சுன கடப்பாக் கல், எல்லாம் இரும்பு ஸ்டாண்டு மேல, ஸ்டாண்டோட கீழ் தட்டுல ரெண்டு சாக்கு மணல். மணலுக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம். புஷ் மாத்துனதுல போனது பாதி அதிர்வுன்னா மீதி இதுல போச்சு. மேசை மேல டீ கிளாஸ் வச்சுப் பாத்தேன், 1200 வேகம் வரைக்கும் டீல அலை இல்ல, அதுக்கு மேல இருக்கு.

இந்த நேரத்துலதான் அதே காக்கா சவூதில இருந்து வரும்போது கொண்டு வந்த மெஷினையும் தூக்கிட்டு வந்தாரு. "தம்பி, அங்க நல்லா ஓடுச்சு, இங்க தொட முடியாத அளவுக்குச் சுடுது, கொஞ்சம் பாருங்களேன்"னாரு. முழுக்க வார்ப்பிரும்பு, ரெண்டு பேரு சேந்துதான் தூக்க முடியும், ஒரே வேகம், இண்டக்ஷன் மோட்டார், கார்பனும் கிடையாது போர்டும் கிடையாது. லேபிளைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, 220 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். சவூதில கரண்டு 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 அலை, துபாய்ல கத்தார்ல நம்மளை மாதிரி 50. வளைகுடாவுல இருந்து சாமான் வந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கக்கூடாது.

60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50ல ஓட்டுனா வேகம் ஆறுல ஒரு பங்கு குறையும், 1725ல ஓடுனது 1440 சுத்தி ஓடும், அது நமக்கு நல்லதுதான், ஸ்க்ரோல் சாவுக்கு 1725 அதிகம். சிக்கல் சூட்டுல. ஹெர்ட்ஸ் குறைஞ்சு வோல்ட்டேஜ் அப்படியே இருந்தா இரும்புக்குள்ள காந்தம் அளவுக்கு மீறி ஏறும், சும்மா ஓடும்போதே கரண்டு இழுக்கும், காயில் காயும். நம்ம லைன்ல நடுராத்திரி 240க்கு மேல போற நாளும் உண்டு. வோல்ட்டேஜையும் அதே விகிதத்துல குறைச்சா சரியாப் போகும், 220 பெருக்கல் 50 வகுத்தல் 60, ஏறத்தாழ 183. வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர்ஸ்டாட் ஒண்ணு வச்சு 183ல நிறுத்தி ஓட்டுனா மோட்டார் வெதுவெதுன்னு மட்டும்தான் இருக்கு. பலம் கொஞ்சம் குறையும், முக்கால் இன்ச் பலகைக்கு அதுவே தாராளம். அவர் மோட்டார்ல ரன் கெப்பாசிட்டர் மட்டும்தான். வேகம் பிடிச்சதும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்க மோட்டாரா இருந்தா இன்னும் கவனமா இருக்கணும், அந்த சுவிட்ச் 60 ஹெர்ட்ஸ் வேகத்துக்குக் கணக்குப் பண்ணது, இங்க முழு வேகமே அதுக்குக் கிட்டத்தான் வரும், சுவிட்ச் விடாம ஸ்டார்ட்டிங் காயில் எரிஞ்சு போக வாய்ப்பு உண்டு. ஸ்டார்ட் ஆன பிறகு க்ளிக்னு ஒரு சத்தம் கேக்கணும், கேக்கலைன்னா உடனே நிறுத்திரணும்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே பூவரசம் பலகைல வெட்டிப் பாத்தேன். வார்ப்பிரும்பு மெஷின் அசையவே மாட்டேங்குது, நீளமான வளைவு வெண்ணெயா வருது. ஆனா ஒரே வேகம்ங்கிறதால சின்னத் திருப்பத்துல கை தடுமாறுது, 3 மிமீ பிளைவுட்டுல பிளேடு நம்மளை முந்திட்டுப் போயிருது. என்னோடதுல வேகத்தை 600க்குக் குறைச்சு எழுத்தோட கண்ணுக்குள்ள பையத் திருப்ப முடியுது. பெயர்ப்பலகை வெட்டுனது என் மெஷின்ல, பலகையை அளவா அறுத்தது அவர் மெஷின்ல.

புதுசு வாங்கப் போறவங்க பாக்குற பேரலல் லிங்க் டைப்பு வேற ரகம். எங்க மெஷின்கள்ல நீளமான கையே முழுசா ஆடும், அதுல கை முழுக்க அசையாம உள்ள இருக்க கம்பிகளும் முன்னாடி சின்ன ஆட்டக்கையும் மட்டும் அசையும், ஆடுற எடை கம்மி, அதனால அதிர்வும் கம்மி. டிவால்ட் டிடபிள்யூ788 அந்த வகை, 20 இன்ச், 400ல இருந்து 1750 வரைக்கும். நல்ல மெஷின்னு பேரு வாங்குனது, ஆனா அமெரிக்காவுல விக்கிறது 120 வோல்ட்டுக்குச் செஞ்சது, அதைக் கொண்டு வந்தா இங்க டிரான்ஸ்ஃபார்மர் வச்சுத்தான் ஓட்டணும். அந்த வகைல அங்கங்க சின்னச் சின்ன ஊசி பேரிங்கும் ஸ்லீவும் நிறைய, எல்லா மூட்டையும் கிரீஸ் போட்டுக் காப்பாத்தணும். உப்புக்காத்துல அதுல ஒரு மூட்டு இறுகுனாலும் உதிரி பாகம் கடல் தாண்டி வரணும். மதுரைல ஏசி ரூம்ல வச்சு வேலை பாக்குறவர்னா நான் யோசிக்காம வாங்கச் சொல்வேன். தொண்டில, தேவிபட்டினத்துல, வாலிநோக்கத்துல கொட்டகைல வச்சு வேலை பாக்குறவருக்குச் சொல்ல மாட்டேன்.

"லேசர்ல குடுத்தா அஞ்சு நிமிஷத்துல வெட்டித் தருவானே"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. எம்டிஎஃப்லயும் மெல்லிய பிளைவுட்லயும் தாராளமாக் குடுங்க. முக்கால் இன்ச் பூவரசு, வேம்புன்னா ஓரமெல்லாம் கரிஞ்சு, தேய்க்கிற வேலை வெட்டுற வேலையை விட அதிகமாயிரும். அது போக எம்டிஎஃப் பலகையை இங்க வாசல்ல மாட்டி வச்சா ஒரு ஐப்பசி கார்த்திகை தாங்காது, உப்பிரும்.

மரத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. பூவரசு நடுக்கட்டை நல்ல சாக்லேட் கலர், ஒரே சீரா வெட்டும், இந்த வேலைக்கு இதை விட நான் ஆசைப்பட எதுவும் இல்ல. வேம்பு பரவாயில்ல, நார் திரும்பித் திரும்பி ஓடும், கீழ்ப்பக்கம் பிசிறு கிளம்பாம இருக்க ரிவர்ஸ் டூத் பிளேடு போடணும், அதுல கடைசி சில பல்லு மட்டும் மேல்நோக்கி இருக்கும். படகு கட்டுற இடத்துல கிடைக்கிற பழைய துண்டுக்கு முதல்ல காந்தம் வச்சுப் பாருங்க, உள்ள முறிஞ்ச ஆணி இருக்கும். பனைதான் பாடாப் படுத்தும். ஓரத்துல கருப்பு நார் இரும்பா இருக்கும், ரெண்டு நாருக்கு நடுவுல பஞ்சு, பிளேடு மெத்துன்னு இருக்க பக்கமே ஓடும், எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் கோட்டுல நிக்காது. பனைல வெட்டணும்னா 9 நம்பர் பிளேடு, பெரிய வளைவு, அவ்வளவுதான். கரியுற மரத்துக்கு மேல பேக்கிங் டேப்பை ஒட்டிட்டு வெட்டுனா கருக்கல் குறையுது. கொட்டாங்குச்சி வெட்ட நகைப் பட்டறைக்குன்னு விக்கிற பிளேடை வாங்கிக்கிடுங்க, நீளம் ஏறத்தாழ இதே 130 மிமீதான், பின் இல்லாத கிளாம்ப்புல அப்படியே மாட்டலாம், வேகம் மட்டும் ரொம்பக் கம்மியா இருக்கணும், மாஸ்க் கட்டாயம்.

இப்ப ஒருத்தர் புதுசா ஆரம்பிக்கிறேன், எதை வாங்கன்னு கேட்டா, வேகம் கூட்டிக் குறைக்கிற 16 இன்ச் சாதாரண பேரலல் ஆர்ம் மெஷின் (என்னோடது மாதிரி மேலயும் கீழயும் கை ஆடுறது), பின் இல்லாத கிளாம்ப் இருக்கணும், கார்பன் மூடி வெளிப்பக்கத்துலயே இருக்கணும். இது மூணும் இருந்தா எந்தக் கலரா இருந்தாலும் சரி. காசு மிஞ்சுனா அதைப் பிளேடுல போடுங்க. பழசு வாங்குறதா இருந்தா மேல சொன்ன மாதிரி விரலை வச்சு மூட்டைப் பாத்துட்டு, ஆடுதுன்னு சொல்லி விலையைக் குறைங்க, ஆடாத பழைய மெஷின் நான் இன்னும் பாத்ததில்ல. காக்கா மெஷினுக்கு வேகம் குறைக்க மோட்டாருக்கும் எக்சென்ட்ரிக்குக்கும் நடுவுல படிப் புல்லி போட இடம் இருக்கான்னு அளந்துட்டு இருக்கேன், உள்ள ரெண்டு இன்ச்சுதான் இடைவெளி, மோட்டாரைப் பின்னாடி தள்ளி வச்சாத்தான் ஆகும் போல.